கொன்றால் உரம், விட்டால் மரம்: கார்டு விளையாட்டுக்குப் புது அணிகள் செய்த பதிவு

நாங்களே உருவாக்கி விளையாடிவரும் கற்பனை உலகக் கார்டு விளையாட்டில் இதுவரை இரண்டே அணிகள். அனலோர் வேகமாக அடிப்பவர்கள். கல்லரண்காரர்கள் அடியை வாங்கிக்கொண்டு நின்று, மெதுவாகத் திருப்பிக் கொடுப்பவர்கள். படம் வேறு, பின்கதை வேறு, பெயர் வேறு. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே ஆட்டம்தான்: பெரிய ஆளை இறக்கு, கணக்குப் பார், அடி. இதோடு மூன்று அணிகளைச் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தபோது நோட்டில் முதலில் எழுதியது ஒரு சோதனையை. படமும் பெயரும் இல்லாமல் வெறும் எண்ணும் விதியும் மட்டும் உள்ள காகிதத் துண்டுகளோடு ஆட வேண்டும். முடிந்ததும் எதிராளியிடம் ஒரே கேள்வி: "வழக்கமா செய்யாத எதை இந்த ஆட்டத்துல செஞ்சே?" பதில் வராவிட்டால் அந்த மெக்கானிக், அதாவது ஆட்டத்தை ஓட்டும் அந்த விதி, வெளியே.

"பிடிச்சிருந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை. நண்பர்களுக்கு எல்லாமே பிடித்திருக்கும்.

அடிப்படை விதிகளைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எண்கள் அப்போதுதான் புரியும். டெக் என்பது ஒருவர் ஆடக் கொண்டுவரும் கட்டு; அதில் 40 கார்டு. ஒரே கார்டு மூன்றுக்கு மேல் கூடாது. தொடக்கக் கையில் 5 கார்டு, ஆளுக்கு 20 உயிர். முறைக்கு ஒரு கார்டு எடுக்கலாம். கையிலிருந்து எந்தக் கார்டையும் முறைக்கு ஒன்று வீதம் கவிழ்த்து வைத்து 'ஊற்று' ஆக்கிக்கொள்ளலாம். செலவுக்கு ஊற்றுகளைச் சாய்க்க வேண்டும், அடுத்த முறை அவை நிமிர்ந்துவிடும். மேசையில் இறங்கிச் சண்டை போடும் கார்டுக்கு 'ஆள்' என்று பெயர். ஆளின் எண்கள் தாக்கு, தாங்கு என்ற வரிசையில்: 2/1 என்றால் இரண்டு அடிக்கும், ஒன்றில் விழும். சிறப்பு எதுவும் இல்லாத வெறும் ஆளுக்கு எங்கள் அளவுகோல், செலவை இரட்டித்து ஒன்று கூட்டு என்பது. ஒரு ஊற்று ஆளுக்கு மொத்தம் மூன்று புள்ளி, இரண்டு ஊற்று ஆளுக்கு ஐந்து. ஹார்த்ஸ்டோன் என்ற கணினிக் கார்டு விளையாட்டை ஆடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான்.

சோதனைக் கார்டுகளுக்கு அச்சகம் தேவையில்லை. 63×88 மில்லிமீட்டர் அளவுள்ள எந்தப் பழைய கார்டையும் ஸ்லீவ் எனும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் முன்னால் வெள்ளைக் காகிதத்தைச் செருகினால் போதும். பென்சிலில் எழுதுங்கள். அழகாக அச்சடித்த கார்டை அடித்துத் திருத்த மனசு வராது.

ஒவ்வொரு அணிக்கும் பலத்துக்கு முன்னால் பலவீனத்தை எழுதினேன். 1993-ல் வந்த மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் அணிகள் போலிருக்கும் ஐந்து நிறங்கள் இன்றும் தனித்தனியாகத் தெரிவதற்குப் பெரிய காரணம், ஒவ்வொன்றுக்கும் செய்ய முடியாதது ஏதோ ஒன்று இருப்பது. சிவப்பு ஆளையும் எரிக்கும், கருவியையும் உடைக்கும். ஆனால் மேசையில் இறங்கிவிட்ட என்சான்ட்மென்டை, அதாவது நிலைத்து நிற்கும் மந்திரக் கார்டை, ஒழிக்க அதற்கு வழியே கிடையாது என்று சொல்லிவிடலாம். அந்த ஓட்டைதான் எதிராளிக்குப் பிடிமானம். ஆகவே முதல் பக்கத்தில் எழுதியது: முதல் புது அணியான வேரோருக்கு, ஆள் இல்லாமல் கார்டாலேயே அடிக்கும் நேரடித் தாக்குதல் கிடையாது, எதிராளியின் முறையில் ஆடும் கார்டு ஒன்றுகூடக் கிடையாது. இரண்டாவது அணியான ஓதருக்கு ஆளைக் கொல்லும் கார்டே கிடையாது. கைக்குத் திருப்பி அனுப்பலாம், சாய்த்து வைக்கலாம், அவ்வளவுதான். மூன்றாவது அணி ஒப்பந்தர். அதன் கதை சின்னது, கடைசியில் சொல்கிறேன்.

வேரோர் மரமக்கள். செத்தால் மண்ணுக்கு உரமாவார்கள் என்பது யோசனை. அது விதியாக இப்படி வந்தது:

உரம்: இந்த ஆள் அழிந்தால், கழிவுக் குவியலுக்குப் போகாமல் உன் ஊற்று வரிசையில் போய்ச் சேரும்.

எதிராளி ஒவ்வொரு முறை கொல்லும்போதும் நமக்கு ஓர் ஊற்று கூடுகிறது. எதிராளி யோசிக்க வேண்டிவருமா? வந்தது. யோசித்துக் கண்டுபிடித்த விடை 'கொல்லாதே' என்பது. அதற்குப் பிறகு இருவரும் ஆட்களை அடுக்கிவைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனைக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆட்டம்தான் நகரவில்லை. ஒரே விடையுள்ள கேள்வி ஒரே ஆட்டத்தில் தீர்ந்துபோகும். விடை முறைக்கு முறை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, கொல்லாமல் விடுவதற்கும் ஒரு விலை வேண்டும்.

மரம் விட்டால் வளரும். எனவே இரண்டாவது விதி:

கிளை: உன் முறை முடிவில் இந்த ஆள் மேல் ஓர் இலை வை. ஒவ்வோர் இலைக்கும் +1/+1.

தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஒரு ஊற்றுக்கு இறங்கும் 1/1 முளை மூன்று முறை கழித்து 4/4. அதுவும் மேசையில் எத்தனை முளை இருக்கிறதோ அத்தனையும் ஒன்றாக வளரும். இப்போது எதிராளிக்குச் சந்தேகமே இல்லை, கண்ணில் பட்டதையெல்லாம் உடனே கொன்றார். கொன்றதெல்லாம் ஊற்றாகி, வேரோர் எப்படியும் ஜெயித்தார்கள். இலைக்கு உச்சவரம்பு மூன்று, இரண்டு என்று எண்ணைக் குறைத்துப் பார்த்தேன். வேரோரின் வேகம் குறைந்தது, எதிராளியின் பழக்கம் மாறவில்லை.

எண்ணில் இல்லாத தீர்வு இரண்டு விதிகளையும் முடிச்சுப் போட்டதில் கிடைத்தது. உரம் தருவது ஊற்று. அப்படியென்றால் கிளையின் விலையும் ஊற்றாகவே இருக்கட்டும்:

கிளை: உன் முறை முடிவில், இந்த முறை நீ கையிலிருந்து ஊற்று வைக்காமல் இருந்தால், கிளை உள்ள உன் ஆட்களில் ஒருவர் மேல் ஓர் இலை வை.

வேரோரை ஆடுபவர் இப்போது ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டும், ஊற்றா இலையா என்று. இலையை எடுத்தால் அடுத்த முறை செலவுக்குக் கை கடிக்கும். எதிராளி அந்த ஆளைக் கொன்றால், விட்டுக்கொடுத்த ஊற்று திரும்பி வந்துவிடும். கொல்லாமல் விட்டால் இலை ஏறும். எதிராளி பார்க்க வேண்டியது ஆளை மட்டுமில்லை, வேரோரின் ஊற்று வரிசையையும். நாலு ஊற்றில் பெரிய மரம் இறங்கும் என்று தெரிந்தால், மூன்றில் நிற்பவருக்கு நாலாவதை நாமே கொன்று கொடுக்கலாமா? இரண்டு இலை ஏறிய ஆளை இன்னொரு முறை விடலாமா? ஒரு நண்பர் சொன்ன பதிலை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "அடிக்க முடிஞ்ச ஆளை அடிக்காம விட்டேன். ரெண்டு முறை கழிச்சு அதே ஆள் என்னை முடிச்சுட்டான்." இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

இலைகளை எண்ண முதலில் பகடைகள் வைத்தோம். கார்டைச் சாய்த்ததும் பகடை உருண்டு, மூன்று இலை ஐந்து இலை ஆகிவிடும். ஒயிட்போர்டு மார்க்கரால் ஸ்லீவ் மேலேயே கோடு போட்டு, ஆட்டம் முடிந்ததும் துணியால் துடைத்துவிடுவதுதான் நிம்மதி.

உரம் விதியில் ஒரு வார்த்தை பின்னால் சேர்ந்தது: 'சாய்த்து'. உரமாகும் ஆள் சாய்ந்த ஊற்றாகத்தான் வரிசைக்கு வர வேண்டும். அனலோரிடம் பலிபீடம் என்று ஒரு கார்டு உண்டு, அணிகளைக் கலந்து டெக் கட்டலாம் என்பதால் வேரோரோடும் அது சேரும்; நம் ஆள் ஒருவரை நாமே அழித்தால் எதிராளிக்கு இரண்டு அடி. நிமிர்ந்த ஊற்று வருமானால், ஓர் ஊற்றுக்கு முளையை இறக்கி, பலியிட்டு, இரண்டு அடி கொடுத்து, கிடைத்த ஊற்றாலேயே அடுத்த முளையை இறக்கலாம். கையில் எத்தனை முளை இருந்தாலும் ஓர் ஊற்றுக்கே அத்தனையும் அடியாகிவிடும். சாய்ந்து வந்தால் சங்கிலி அடுத்த முறைவரை அறுந்து நிற்கும்.

செலவைத் தானே திருப்பித் தரும் மெக்கானிக் எதைப் பார்த்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். மேஜிக்கில் 2003-ல் மிரோடின் தொகுப்போடு வந்த அஃபினிட்டி அப்படிப்பட்டது. மேசையில் ஆர்டிஃபாக்ட் எனும் கருவிக் கார்டு கூடக் கூடக் கார்டின் விலை குறையும், கடைசியில் இலவசம். 2005 மார்ச்சில், அண்மைத் தொகுப்புகளை மட்டும் வைத்து ஆடும் ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வடிவத்தில் ஆர்க்பவுண்ட் ராவேஜர், டிசைப்பிள் ஆஃப் த வால்ட், ஆர்டிஃபாக்ட் நிலங்கள் என்று ஒரு வரிசையையே தடை செய்தார்கள். அவ்வளவு பெரிய குழுவுக்கே கை நழுவிய இடம். ஆகவே எங்கள் விளையாட்டில் இனி விலை குறைக்கும் கார்டு எதை எழுதினாலும், பக்கத்திலேயே பலிபீடத்தை வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்தது ஓதர். கடலோடிகள். ஓதம் என்றால் கடலின் ஏற்றவற்றம். மேசை நடுவில் ஓத வில்லை ஒன்று இருக்கும். கடல் பெருகும், வற்றும். அதற்கேற்ப ஆட்களின் பலம் மாறும். கேட்கவே நன்றாக இருக்கும் யோசனை. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வில்லையைப் புரட்டு, ஒரு பக்கம் பெருக்கு, மறுபக்கம் வற்று என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் விதி. காகிதத்தில் நாலு முறை எழுதிப் பார்த்தாலே இது உடைந்துவிடும். இருவர் மாறி மாறி ஆடும் விளையாட்டில் வில்லையும் மாறி மாறிப் புரண்டால், என் முறையில் எப்போதும் ஒரே பக்கம், எதிராளி முறையில் எப்போதும் மறுபக்கம். கடல் அசையவே இல்லை.

நாலு நிலை வைத்தால்? வற்று, ஏறு, பெருக்கு, இறங்கு. நிஜக் கடலுக்கு நெருக்கமானது இதுதான். ஆனால் நாலும் இரட்டைப்படை. என் முறைகளில் வற்றும் பெருக்கும் மட்டும் வரும், எதிராளிக்கு ஏறும் இறங்கும் மட்டும். இரண்டு பேருக்கும் எல்லா நிலையும் சுற்றிவர வேண்டுமென்றால் நிலைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே மூன்று: வற்று, நடு, பெருக்கு, மறுபடி வற்று. முறைக்கு ஒரு படி நகர்ந்தால் எனக்கு வற்று, பெருக்கு, நடு என்று வரும். எதிராளிக்கு நடு, வற்று, பெருக்கு. பெருக்கிலிருந்து ஒரே தாவலில் வற்றிப்போகும் கடல் எங்கும் இல்லைதான். மந்திர உலகம், பொறுத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் ஒவ்வோர் ஓதர் கார்டிலும் மூன்று நிலைக்கும் மூன்று வரி எழுதியிருந்தேன். மேசையில் நாலு ஆள் இறங்கினால் பன்னிரண்டு வரி. எதிராளி தாக்குவதை விட்டுவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார். அதனால் ஒரு கார்டு ஒரு நிலையைப் பற்றி மட்டுமே பேசலாம் என்று கட்டினேன். ஆழ்வலைக்காரி 1/3, பெருக்கில் +3/+0. சேற்று நண்டு 2/4, வற்றில் தாக்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் டெக்கில் எந்த நிலையை நம்புவது என்ற முடிவும் வந்தது. பெருக்குக்காரர்களை மட்டும் நிரப்பினால் மூன்றில் ஒரு முறை பயங்கரம், மற்ற இரண்டில் பரிதாபம்.

விலை போடுவதில் ஒரு நுணுக்கம். பெருக்கு மூன்றில் ஒரு முறைதான் வருகிறது என்பதால் +3 தாக்கை ஒரு புள்ளியாக மதிப்பிடத் தோன்றும். அது போதாது. எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால், ஆடுபவர் தன் முக்கியத் தாக்குதலை அந்த முறைக்கென்றே சேர்த்து வைப்பார். பாதிக்கும் சற்று மேல் வைத்து இரண்டு புள்ளியாகக் கணக்கிட்டதில்தான் ஆழ்வலைக்காரி அளவுக்கு வந்தாள். இரண்டு ஊற்று செலவு. உடலுக்கு நாலு, ஓதத்துக்கு இரண்டு, ஆக ஆறு. அளவுகோலைவிட ஒன்று அதிகம். கொல்ல முடியாத அணிக்கு அந்த ஒன்றைத் தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தேன்.

பெரிய சிக்கல் வேறு. ஓதம் ஓதர்காரரின் சொந்த விளையாட்டாகிவிட்டது. எதிராளி வெறும் பார்வையாளர். மேஜிக்கில் 2016-ல் கலதேஷ் தொகுப்பில் வந்த எனர்ஜி, அதாவது சேர்த்துவைத்துச் செலவழிக்கும் புள்ளிகள், இதற்கு நல்ல பாடம். அந்தச் சேமிப்பை எதிராளி தொடுவதற்கு அன்றைய கார்டுகளில் வழி மிகக் குறைவு; ஒருவர் சேர்த்துக்கொண்டே போவார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். 2018 ஜனவரியில் அட்யூன் வித் ஈதர், ரோக் ரிஃபைனர் இரண்டையும் ஸ்டாண்டர்டில் தடை செய்ய வேண்டியிருந்தது. எங்கள் கடல் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று முடிவானது: யார் வேண்டுமானாலும் தன் முறை தொடக்கத்தில் ஓர் ஊற்றைச் சாய்த்து ஓதத்தை அந்த முறை நகராமல் பிடித்து வைக்கலாம்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. ஒரு முறை பிடித்தால் அதற்குப் பிறகான வரிசையே ஒரு படி தள்ளிப்போகிறது. எனக்கு வரவேண்டிய பெருக்கு எதிராளி முறையில் போய் விழும். ஆழ்வலைக்காரி பெருக்கில் பயங்கரமாகத் தாக்குவாள், ஆனால் எதிராளி முறையில் பெருக்கு வந்தால் அந்தப் பலம் தடுக்க மட்டுமே உதவும். எதிராளியிடம் ஓதர் கார்டு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அவர் கடலைக் குழப்பலாம். சோதனைக் கேள்விக்கு இங்கே உடனே பதில் வந்தது: "உன் ஓதத்தைக் கெடுக்கவே ஓர் ஊற்று மிச்சம் வெச்சேன்."

ஓதர்காரரோ தொடர்ந்து பிடித்து, பெருக்கிலேயே கடலை நிறுத்தப் பார்ப்பார். அதற்காக, யார் பிடித்திருந்தாலும் தொடர்ச்சியான ஒவ்வொரு பிடிக்கும் செலவு ஒன்று கூடும். ஓதம் ஒரு படி நகர்ந்ததும் பழையபடி ஒன்று. மூன்று முறைக்கு மேல் யாராலும் தாங்க முடியவில்லை.

இன்னொரு முணுமுணுப்பும் வந்தது. ஓதர் ஆட்களெல்லாம் செத்துப்போன பிறகும் வில்லையை நகர்த்திக்கொண்டே இருப்பது எரிச்சல். மேஜிக்கில் 2021-ல் வந்த பகல் இரவு மெக்கானிக்கும் இப்படித்தான். ஒரு தடவை தொடங்கிவிட்டால், அதைப் பயன்படுத்தும் கார்டு மேசையில் இல்லாவிட்டாலும் ஆட்டம் முடியும்வரை கண்காணிக்க வேண்டும். நாங்கள் அந்தத் தொல்லையை நீக்கிவிட்டோம். மேசையில் ஓதர் ஆள் யாரும் இல்லையென்றால் வில்லை பெட்டிக்குப் போகும், அடுத்த ஓதர் இறங்கும்போது வற்றிலிருந்து மறுபடி தொடங்கும். எதிராளி அத்தனை பேரையும் கொன்று கடலையே காலி செய்யலாம் என்பது கூடுதல் வசதி.

ஓதத்தை இன்னொரு படி தள்ளும் கார்டுகள் டெக்கில் எத்தனை வேண்டும்? இரண்டாவதாக ஆடுபவர் தன் நாலாவது முறைக்குள் 9 கார்டு பார்த்திருப்பார். 40-ல் அப்படிப்பட்ட கார்டு 3 இருந்தால் அதற்குள் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 55 சதவீதம். 6 இருந்தால் 81. 8 இருந்தால் 90. ஊற்றைச் சாய்த்துப் பிடிக்கும் வழி எல்லோருக்கும் இருப்பதால் 6 போதும் என்று நிறுத்தினேன். 8 வைத்தபோது ஆட்டம் முழுக்க வில்லை நகர்த்துவதிலேயே போனது.

இப்போது ஒப்பந்தர். எதிராளிக்கு இரண்டு வழி கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அணி: 'நாலு அடி வாங்கிக்கொள், இல்லையென்றால் நான் இரண்டு கார்டு எடுப்பேன்.' படிக்கும்போது வாய் ஊறும். ஆடும்போது, எதிராளி எப்போதும் தனக்குக் குறைவாக வலிக்கும் வழியையே எடுப்பார், ஆகவே கார்டின் உண்மையான பலம் இரண்டில் மோசமானது. மேஜிக்கில் 2002-ல் வந்த, இதேபோல் தேர்வு கொடுக்கும் பிரவுபீட் கார்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: அடி தேவைப்படும்போது கார்டு வரும், கார்டு தேவைப்படும்போது அடி வரும். எதிராளிக்குத் தேர்வு கொடுப்பதும் எதிராளியை யோசிக்க வைப்பதும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் இந்த அணியைத் தொடங்கியிருந்தேன். வேரோரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே கொல்வதன் விளைவு இரண்டு முறை கழித்துத்தான் புரியும். இங்கே கணக்கு கார்டிலேயே எழுதியிருக்கிறது, கழித்துப் பார்த்தால் முடிந்தது. அணியையே நிறுத்திவிட்டேன். அதிலிருந்த சுங்கக்காரன் ஒருவன் மட்டும் கல்லரணுக்கு மாறிப்போய் அங்கே நன்றாகவே இருக்கிறான்.

அணிகளைக் கலந்து டெக் கட்டுவதற்கு 2012-ல் வந்த ஆண்ட்ராய்ட்: நெட்ரன்னர் என்ற கார்டு விளையாட்டின் வழியைச் சுருக்கி எடுத்துக்கொண்டோம். அதில் வேற்று அணிக் கார்டுகளுக்குப் புள்ளி விலை உண்டு. பெரும்பாலான டெக்குகளுக்கு வரம்பு 15 புள்ளி. எங்களுக்கு 40 கார்டுதான், அதனால் 10. இதில் நான் பிடிவாதமாக இருந்த இடம் ஒன்று: உரம் உள்ள ஆட்களுக்கு ஒன்று, இரண்டு என்று மலிவு விலை, கிளை உள்ளவர்களுக்கு மூன்று, நாலு. உரம் எந்த டெக்கிலும் தனியாக வேலை செய்யும். கிளை, ஊற்று வைக்காமல் காத்திருக்கத் தயாரான டெக்கில்தான் வேலை செய்யும், ஆனால் அங்கே மிகவும் பலமாகச் செய்யும். ஓதருக்குப் புள்ளி பெரிதாகத் தேவைப்படவில்லை. இரண்டு ஓதர் ஆட்களை மட்டும் இரவல் வாங்கினால் வில்லை பெட்டிக்கும் மேசைக்குமாக அலையும், எவரும் அதற்கு மெனக்கெடவில்லை.

இப்போதைய நிலவரம் இப்படி. ஓதர் வேரோரை நன்றாக அடக்குகிறார்கள். கைக்குத் திருப்பினால் இலையும் போகும், உரமும் கிடைக்காது. வேரோர் கல்லரணைச் சுலபமாகத் தாண்டுகிறார்கள், அது கொஞ்சம் அதிகப்படிதான். கல்லரணின் மதில்கள் கொல்லாமல் தடுத்துக்கொண்டே இருப்பதால் இலை ஏற நேரம் கிடைத்துவிடுகிறது. அனலோர் உரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கொன்றுகொண்டே போகிறார்கள், அந்த ஊற்றுகளைச் செலவழிக்க வேரோருக்கு அவகாசமே தருவதில்லை.

தீராதது ஓதரும் ஓதரும் மோதும் ஆட்டம். இருவரும் மாறி மாறிப் பிடித்தால் செலவு ஏறிக்கொண்டே போய், ஊற்றெல்லாம் கடலுக்கே போகிறது, ஆள் இறக்க மிச்சமில்லை. ஒருவர் பிடித்த முறைக்கு அடுத்த முறையில் மற்றவர் பிடிக்கக் கூடாது என்ற தடையை எழுதிப் பார்த்தேன்; முதலில் பிடிப்பவருக்கு அது ஒரேயடியாகச் சாதகம். இப்போது மேசையில் இருப்பது, பிடிக்க நினைப்பவர்கள் இருவரும் எத்தனை ஊற்று என்பதைக் கைக்குள் மறைத்து ஒரே நேரத்தில் காட்டும் வடிவம். அதிகம் காட்டியவர் சொல்வது நடக்கும், இருவருடைய ஊற்றும் சாயும். இது ஓதர் எதிர் ஓதருக்கு மட்டுமான தனி விதியாகிவிடுமோ என்பதுதான் தயக்கம். அனலோருக்கு எதிராகவும் இதையே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுப்பேன்.